நாள் தள்ளிப்போவதற்கு முன்பே

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு வயது 26. கூட மாமியார். நாள் தள்ளியதும் வீட்டிலேயே சோதித்துப் பார்த்து, ஊர்க் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஸ்கேனில் எட்டு வாரம். இதயத் துடிப்பு நன்றாகத் தெரிந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 212. கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.4.

“சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கும்மா?”

மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அதெல்லாம் இல்ல டாக்டரம்மா” என்றார்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். சீட்டில் முத்திரை வாங்கி வரச் சொல்லி மாமியாரை வெளியே அனுப்பினேன். கதவு மூடியதும் அழுகை. 15 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை, அதாவது உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை. தினம் இரண்டு வேளை ஊசி. பெண் பார்க்க வந்தபோது சொன்னால் வரன் தட்டிப்போகும் என்று அம்மா வாயை அடைத்துவிட்டார். கல்யாணமாகி ஒரு வருடம், கணவருக்கும் தெரியாது. குளியலறைக்குள் போய்த்தான் ஊசி போட்டுக்கொள்வார். வீட்டில் விருந்தாளி இருந்தால் அந்த வேளை ஊசி போச்சு.

கைப்பையில் இருந்த இன்சுலின் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். அடியில் கட்டி கட்டியாகத் திரிந்து கிடந்தது, உருட்டினாலும் கலக்கவில்லை. பிரிட்ஜில் வைத்தால் தெரிந்துவிடும் என்று கைக்குட்டையில் சுற்றி இரும்பு பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்திருக்கிறார். அது மே மாதம். நம் ஊர் மே மாத வெயிலில் மதியம் பீரோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவர் ஒளிந்து ஒளிந்து போட்டுக்கொண்டதில் மருந்தின் வேலையே பாதி போயிருக்கும்.

(அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பது இன்று எல்லாருக்கும் தெரியும். அதில் கண்டுபிடிக்கப்படும் கர்ப்பகாலச் சர்க்கரை பெரும்பாலும் நான்கைந்து மாதத்துக்கு மேல் தலைகாட்டுவது. அதற்குள் குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். கருத்தரிப்பதற்கு முன்பே சர்க்கரை உள்ள பெண்ணின் கதை வேறு. கரு உண்டான முதல் நாளிலிருந்தே அது சர்க்கரை கூடின ரத்தத்தில் வளர்கிறது. முதுகுத்தண்டும் மூளையும் ஆகப்போகும் குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். இதயம் அதற்கும் முன்பே துடிக்கத் தொடங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் தள்ளி, இன்னும் பத்து நாள் பொறுத்துப் பார்த்து, சோதித்து, நல்ல நாள் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் அந்த வேலையெல்லாம் முடிந்துவிடுகிறது.

பொதுவாக 100 குழந்தைகளில் 2 அல்லது 3 குழந்தைக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். கருத்தரிக்கும் சமயத்தில் எச்பிஏ1சி 10க்கு மேல் இருந்தால் அது 20ஐ ஒட்டிப் போகிறது. 6.5க்குக் கீழே கொண்டுவந்துவிட்டுக் கருத்தரித்தால் மற்றவர்களின் கணக்கை நெருங்கிவிடலாம். அதே நோய், அதே பெண். மூன்று நான்கு மாதம் முன்கூட்டி ஆரம்பிப்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். ஏற்கெனவே கர்ப்பமாகி இதைப் படிக்கிறவர்கள் அந்த 20ஐ மட்டும் பார்த்து மனசு உடைந்துவிட வேண்டாம். மீதி 80 பேர் இருக்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று கலைக்கவும் ஓடாதீர்கள். அன்றைக்கே வாருங்கள், இன்று குறைக்கும் சர்க்கரையும் குழந்தைக்கு உதவும்.

சரி, முன்கூட்டி என்ன செய்வது? முதலில் மருத்துவரிடம் “குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்” என்று வாய் திறந்து சொல்லுங்கள். அதுவரை காப்பர்-டியோ ஆணுறையோ, ஒரு தடுப்பு. கல்யாணமான மூன்றாம் மாதமே “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று தெருவே கேட்கும் ஊரில் இது சுலபமில்லை, தெரியும். இருந்தாலும் அந்த நாலு மாதத்தைக் கணவர்தான் முன்னே நின்று வாங்கித் தர வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை மற்றவர்களுக்குப் போதுமான சின்ன அளவு இவர்களுக்குப் போதாது. 5 மில்லிகிராம், கருத்தரிக்கும் முன்பே தொடங்கி மூன்று மாதம் முடியும்வரை. கண்ணின் விழித்திரையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே பாதிப்பு இருந்து சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால் கண் மோசமாகலாம். சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், தைராய்டு இவற்றையும் பார்க்க வேண்டும். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி சரியாகக் காட்டாது. அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

மாத்திரைகளைப் பற்றிச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஓர் இளம்பெண்ணுக்குப் பிரஷருக்கு டெல்மிசார்டனும் கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடினும் எழுதிக் கொடுத்தேன். டெல்மிசார்டன் சிறுநீரகத்துக்கு நல்ல மருந்துதான். இரண்டு வருடம் அதையே திரும்பத் திரும்ப எழுதினேன், குழந்தை யோசனை உண்டா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. 14 வாரக் கர்ப்பத்தில் வந்து நின்றார், அதே மாத்திரையோடு. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகைப் பிரஷர் மாத்திரைகளெல்லாம் வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. அன்றே நிறுத்தி, கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய பிரஷர் மருந்தான லபெடலாலுக்கு மாற்றினோம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்த ஆறு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. இப்போது 45 வயதுக்குக் கீழே எந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை மாத்திரை எழுதினாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பேனாவை எடுப்பதில்லை.

2021லிருந்து அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் சகோதரியிடமும் குழந்தைக்குத் திட்டமிடுவதைச் சொல்லிவையுங்கள். இதற்கு நேர் எதிர் ஆபத்தும் உண்டு. நாள் தள்ளியதும் ‘கர்ப்பத்தில் மாத்திரை ஆகாது’ என்று சர்க்கரை மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. மாற்ற வேண்டியதை மருத்துவர் மாற்றுவார். பெரும்பாலும் இன்சுலின்தான், அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. தாயின் சர்க்கரைதான் போகும்.

முதல் மூன்று மாதம் சர்க்கரை திடீரென்று தாழும். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண் விடியற்காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, வாந்திக்குப் பயந்து எதுவும் சாப்பிடாமல் கம்பெனி பஸ் ஏறி, பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தார். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். வாந்தி நிற்கவில்லை என்றால் ஊசியை நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். டைப் 1 உள்ளவர்களுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை 200ஐ ஒட்டி இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடலாம். ரம்ஜான் நோன்பும் வேண்டாம். கர்ப்பிணிக்கு மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது.

நாலாம் மாதத்துக்குப் பிறகு ஊசியின் அளவு ஏறிக்கொண்டே போகும், கடைசியில் இரண்டு மடங்குகூட ஆகலாம். “இன்னா டாக்டரம்மா, நோவு முத்திப்போச்சா?” என்று கேட்பார்கள். இல்லை. நஞ்சுக்கொடி சுரப்பவை இன்சுலினை எதிர்த்து நிற்கின்றன, அவ்வளவுதான். மாறாக, எட்டு ஒன்பது மாதத்தில் ஊசித் தேவை சட்டென்று குறைந்து சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால் சந்தோஷப்படாமல் ஓடி வாருங்கள். நஞ்சுக்கொடி சோர்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். குழந்தை அசைவு குறைந்தாலும் அப்படியே, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்து இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். 37, 38 வாரத்திலேயே பிரசவத்தைத் திட்டமிடுவதும் அதனால்தான்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கேழ்வரகுக் களி சர்க்கரையை ஏற்றாது என்று இங்கே ஒரு நம்பிக்கை. களியும் மாவுதான். ஓர் உருண்டை, கூடவே நிறையக் கீரையோ கத்திரிக்காயோ என்றால் சரி. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் 120ஐத் தாண்டாமல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வெறும் வயிற்றில் 95.

குடியாத்தத்துப் பெண்ணிடம் திரும்புகிறேன். மறுநாள் கணவரோடு வந்தார். என் அறையில்தான் சொன்னார். அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஒரு வருஷமா பாத்ரூம்ல நின்னு குத்திக்கினு இருந்தியா?” என்று மட்டும் கேட்டார். மாமியாருக்கு அவரே சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு வாரம் சத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

12 வாரத்தில் பிரஷருக்கு முன்தடுப்பாகக் குறைந்த அளவு ஆஸ்பிரின். 19 வாரத்தில் உறுப்பு ஸ்கேன், 22 வாரத்தில் குழந்தையின் இதயத்துக்குத் தனி எக்கோ. இரண்டிலும் குறையில்லை. 38 வாரத்தில் 3.6 கிலோவில் பெண் குழந்தை. வயிற்றில் கூடுதல் சர்க்கரைக்குப் பழகி அதன் கணையம் நிறைய இன்சுலின் சுரந்திருந்தது. பிறந்து இரண்டு மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்தது. ஒரு நாள் கண்காணிப்பு, அடிக்கடி தாய்ப்பால், சரியாகிவிட்டது. தாய்க்கு அன்று இரவே ஊசியின் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினோம்.

குழந்தையின் ஆறாம் மாதப் பரிசோதனைக்கு வந்தபோது கணவர் போனில் ஒரு படம் காட்டினார். அவர்கள் வீட்டில் அடிக்கடி கரண்ட் போய்விடும், பிரிட்ஜை நம்ப முடியாது. அதனால் திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பாட்டிலுக்கு மண்பானை முறையைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, மேலே ஈரத்துணி. படத்தில் அது சமையலறை மூலையில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும் இடத்தில் இருந்தது. மணலுக்குச் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் மாமியார்.