ஒரு பிக்சலுக்கு எவ்வளவு வேலை?

பழைய 24 அங்குல மானிட்டரில் நான் விளையாடிக்கொண்டிருந்த கார் பந்தய கேம் ஒன்றில், சாலையோரமாகக் கம்பத்துக்குக் கம்பம் மின்கம்பி போகும். அது ஒருநாளும் முழுக் கம்பியாகத் தெரிந்ததில்லை. தூரத்தில் துண்டு துண்டாக உடைந்திருக்கும். கார் நகர நகர அந்தத் துண்டுகள் எறும்பு ஊர்வதுபோல நெளியும். போன வருடம் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கி அதே கேமைத் திறந்தேன். கம்பி ஒரே இழையாக, வானத்தின் குறுக்கே அசையாமல் கிடந்தது. திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன், அத்தனை சுத்தமாக இருந்தது. ஆனால் ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்ததும் மனசு சற்றே இறங்கிவிட்டது. நொடிக்கு 90 ஃபிரேம், அதாவது 90 முழுப் படம் ஓடிய கேம் 30-க்கு வந்திருந்தது.

4கே திரைகள் வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. திரையில் பிக்சல்கள், அதாவது படத்தை ஆக்கும் புள்ளிகள், இப்படிப் பெருகிக்கொண்டே போனால் கிராபிக்ஸ் கார்டால் ஈடுகொடுக்க முடியுமா?

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். என் பழைய மானிட்டரைப் போன்ற 1080பி திரையில் 1920-க்கு 1080 என்று மொத்தம் 20,73,600 பிக்சல்கள். 4கே திரையில் 82,94,400, அதாவது சரியாக நான்கு மடங்கு. 8கே என்றால் 3,31,77,600, அதுபோல இன்னொரு நான்கு மடங்கு. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். 4கேயில் அதற்குள் 83 லட்சம் புள்ளிகளுக்கும் நிறம் தீர்மானித்தாக வேண்டும். நொடிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 50 கோடி.

சரி, பிக்சல் நான்கு மடங்கு ஆனது. ஆனால் என் கேம் நான்கில் ஒரு பங்காகக் குறையாமல் மூன்றில் ஒரு பங்காகத்தானே குறைந்தது? அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கிராபிக்ஸ் கார்டு எப்படி வேலை செய்கிறது என்பதே புரிந்துவிடும்.

ஒரு ஃபிரேம் உருவாகும்போது முதலில் கார் எங்கே இருக்கிறது, சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பிராசஸர் கணக்கிடுகிறது. பிறகு அந்தக் காரை ஆக்கியிருக்கும் ஆயிரக்கணக்கான முக்கோணங்களின் முனைகள் திரையில் எங்கே விழும் என்பதை கிராபிக்ஸ் கார்டு கணக்கிடுகிறது. இந்த இரண்டு வேலைக்கும் திரையில் எத்தனை பிக்சல் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. எந்தத் திரையில் பார்த்தாலும் காரில் அதே எண்ணிக்கை முக்கோணங்கள்தான். அடுத்ததாக ஒவ்வொரு முக்கோணமும் எந்தெந்தப் பிக்சல்களை மூடுகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பிக்சல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நிரலை ஓட்ட வேண்டும். ஷேடர் என்பது அந்த நிரல்தான். பிக்சல் பெருகினால் கூடவே பெருகுவது இந்தப் பங்குதான்.

என் கேமையே எடுத்துக்கொள்வோம். 90 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 11.1 மில்லிசெகண்ட். 30 ஃபிரேம் என்றால் 33.3. இந்த இரண்டிலிருந்தும் பின்னோக்கிப் போனால், பழைய திரையில் பிக்சல் வேலைக்கு 7.4 மில்லிசெகண்டும் மாறாத வேலைக்கு 3.7-ம் போயிருக்க வேண்டும். 7.4 நான்கு மடங்கானால் 29.6. அதோடு 3.7-ஐக் கூட்டினால் 33.3. தோராயக் கணக்குதான் இது, ஏனென்றால் உண்மையில் பிராசஸரும் கார்டும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஃபிரேம்களில் வேலை செய்துகொண்டிருக்கும். ஆனாலும் காலம் எங்கே போகிறது என்பதை இது காட்டிவிடுகிறது.

அந்த ஒற்றைப் பிக்சலுக்குள் என்னதான் நடக்கிறது? கார் கதவில் ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயிண்ட் நிறத்தை ஒரு படத்திலிருந்து எடுக்க வேண்டும். கீறலும் மேடுபள்ளமும் வேறொரு படத்தில் இருக்கும். எந்தெந்த விளக்கு அதன்மேல் விழுகிறது, நடுவில் ஏதாவது மறைக்கிறதா, வானம் அதில் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் புகை. ஒளி ஊடுருவும் புகைப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து இருந்தால் அதே பிக்சலுக்குப் பத்து முறை வண்ணம் பூசியாக வேண்டும். வெடிப்பு ஒன்று கேமராவுக்கு மிகப் பக்கத்தில் நடக்கும்போது கேம் ஒரு கணம் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். திரை முழுக்கப் புகை நிரம்பி, ஒவ்வொரு பிக்சலும் பலமுறை எழுதப்படுவதுதான் காரணம்.

இத்தனைக்கும் மெமரியிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும் ஓயாமல் நடக்கும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றாலே ஒரு 4கே படம் 33 எம்பி. இன்றைய கேம்கள் ஒரு ஃபிரேமை முடிப்பதற்குள் தூரம், நிறம், மேற்பரப்பின் திசை, நகர்வு என்று இப்படிப் பல படங்களை எழுதி, திரும்பத் திரும்பப் படிக்கின்றன.

ஆரம்பத்தில் வழிமறித்தது கேபிள்தான். 2001-லேயே ஐபிஎம் 22.2 அங்குலத்தில் 3840-க்கு 2400 பிக்சல் கொண்ட டி220 மானிட்டரைக் கொண்டுவந்துவிட்டது. அன்றைய டிவிஐ கேபிள் ஒன்றால் அத்தனை தகவலைக் கொண்டுபோக முடியவில்லை, பல கேபிள்களைச் சேர்த்து மாட்ட வேண்டியிருந்தது. அப்படி மாட்டியும் நொடிக்கு 41 முறைதான் படம் புதுப்பிக்கப்பட்டது. எச்டிஎம்ஐ 1.4-லும் 4கே என்றால் 30 ஃபிரேமோடு நின்றது. 2.0 அதை 60 ஆக்கியது, 2.1 வந்தபின் 120. இன்றைக்கு 4கேக்குக் கேபிள் ஒரு தடையே இல்லை.

கார்டுகள் கதை வேறு. 2012-ல் என்விடியாவின் உயர்ரகக் கார்டு ஜிடிஎக்ஸ் 680. பத்து வருடம் கழித்து வந்தது ஆர்டிஎக்ஸ் 4090. கணக்கிடும் திறன் 3 டெராஃபிளாப்ஸிலிருந்து (ஒரு டெராஃபிளாப்ஸ் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்குகள்) 82-ஐத் தாண்டிப் போனது, அதாவது சுமார் 27 மடங்கு. அதே காலத்தில் பிக்சல் பெருகியது நான்கு மடங்கு மட்டுமே. அப்படிப் பார்த்தால் ஈடுகொடுத்ததோடு நில்லாமல் எங்கேயோ முந்திப் போயிருக்க வேண்டும். 2012-ல் வந்த கேம் ஒன்றை 4090-ல் 4கேயில் ஓட்டினால் அது தடையே இல்லாமல் ஓடும்.

ஆனால் மெமரியின் வேகம் அந்த அளவுக்கு ஏறவில்லை. 680-ல் நொடிக்கு 192 ஜிபி, 4090-ல் 1008 ஜிபி. ஐந்து மடங்குதான். கணக்குப் போடுகிறவர் 27 மடங்கு வேகமாகிவிட்டார், அவருக்குக் கணக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் ஐந்து மடங்குதான் வேகம். இதைச் சமாளிக்கத்தான் சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற வேகமான சிறு மெமரியை அரை எம்பியிலிருந்து 72 எம்பிக்குப் பெருக்கினார்கள். மின்சாரமும் 195 வாட்டிலிருந்து 450 வாட்டாக ஏறியது. இந்த எண்தான் எனக்கு உறுத்துகிறது. மேஜைக்குக் கீழே அரை கிலோவாட் அடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு விளையாடுவதை வளர்ச்சி என்று முழு மனதோடு சொல்ல முடியவில்லை.

27 மடங்கு திறன் எங்கே போனது என்றால், அத்தனையும் பிக்சலுக்குள்ளேதான் போனது. திரை நான்கு மடங்கு பெருத்த அதே காலத்தில், ஒவ்வொரு பிக்சலிடமும் நாம் கேட்கிற வேலை அதைவிடப் பல மடங்கு பெருத்துவிட்டது. அதில் பெரிய பங்கு ரே டிரேசிங்குக்கு. முன்பெல்லாம் நிழலும் பிரதிபலிப்பும் கெட்டிக்காரத்தனமான பாவனைகள். ரே டிரேசிங்கில் பிக்சல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கதிரைக் கேமின் உலகத்துக்குள் விட்டு, அது எதில் மோதுகிறது என்று தேட வேண்டும். மோதிய இடத்திலிருந்து விளக்கை நோக்கி ஒன்று, எதிரொளிக்கும் திசையில் இன்னொன்று. லட்சக்கணக்கான முக்கோணங்களில் எதில் மோதியது என்பதை, பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய ஒரு மரத்தில் இறங்கி இறங்கித் தேடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சலின் கதிர்கள் வெவ்வேறு மூலைகளுக்குச் சிதறும்போது, மெமரியில் தேட வேண்டிய இடங்களும் சிதறிப்போகின்றன. சைபர்பங்க் 2077 கேமில் 2023-ல் சேர்த்த, ரே டிரேசிங்கின் இன்னும் கனமான வடிவமான பாத் டிரேசிங் முறையை முழு 4கேயில் ஓட்டினால், 4090 கார்டே நொடிக்குச் சுமார் 20 ஃபிரேமில் திணறும்.

ஆக, 83 லட்சம் பிக்சலையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகக் கணக்கிடுவது என்ற பாதை அடைபட்டுப்போனது. கணக்கிட்டதை வீணாக்காமல் அடுத்த ஃபிரேமுக்கும் பயன்படுத்துவதுதான் மாற்று வழி. 2016-ல் வந்த பிளேஸ்டேஷன் 4 ப்ரோவுக்குப் பழைய மாடலைப்போல இரண்டேகால் மடங்கு திறன்தான் இருந்தது, வரைய வேண்டியதோ நான்கு மடங்கு. அதனால் பல கேம்கள் சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களை ஒரு ஃபிரேமிலும் வெள்ளைக் கட்டங்களை அடுத்த ஃபிரேமிலும் வரைந்தன. விட்டுப்போனதை முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்து நிரப்பின.

குறைந்த பிக்சலில் வரைந்து பெரிய படமாக்கும் இன்றைய முறைகளான டிஎல்எஸ்எஸ் (என்விடியா), எஃப்எஸ்ஆர் (ஏஎம்டி), எக்ஸ்இஎஸ்எஸ் (இன்டெல்) எல்லாம் இந்த யோசனையின் முதிர்ந்த வடிவங்கள். இவை எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு அந்த மின்கம்பியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கம்பியின் தடிமன் அரைப் பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கார்டு ஒவ்வொரு பிக்சலின் நடுப்புள்ளியை மட்டும்தான் சோதித்துப் பார்க்கும். நடுப்புள்ளியில் கம்பி இருந்தால் கறுப்பு, இல்லாவிட்டால் வானம். சாய்வாகப் போகும் கம்பி சில பிக்சல்களின் நடுவைத் தொடும், சிலவற்றைத் தவறவிடும். அது துண்டு துண்டாகத் தெரிந்ததன் ரகசியம் இவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தச் சோதனைப் புள்ளியை ஒரு பிக்சலுக்குள்ளேயே கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தினால்? இந்த ஃபிரேமில் தவறிய கம்பி அடுத்ததில் மாட்டும். எட்டுப் பத்து ஃபிரேம்களின் விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பிக்சலைவிட நுணுக்கமாகத் தெரிந்துவிடும். கார் ஓடிக்கொண்டிருக்கிறதே, பழைய ஃபிரேமில் இருந்த கம்பி இப்போது எங்கே? ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை கேமே எழுதிக் கொடுக்கிறது.

இதை வெறும் படப்பெருக்கம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். புகைப்படத்தை இழுத்துப் பெரிதாக்குவதும் இதுவும் ஒன்றல்ல. இங்கே கூடுதல் விவரம் உண்மையாகவே கணக்கிடப்பட்டது, ஒரே ஃபிரேமில் கணக்கிடாமல் பல ஃபிரேம்களில் பிரித்துக் கணக்கிடப்பட்டது என்பது மட்டுமே வித்தியாசம். இந்த முறைகளின் குவாலிட்டி என்ற அமைப்பில் 4கே படத்துக்காக உள்ளே வரையப்படுவது 1440பி, அதாவது 44 சதவீதப் பிக்சல்கள்தான். என் கேமில் அதைப் போட்டதும் 30 ஃபிரேம் 55 ஆனது. கம்பி உடையவில்லை. கம்பியில் உட்கார்ந்திருந்த பறவை எழும்பிப் பறக்கும்போது மட்டும் அதன் பின்னால் மெல்லிய சாம்பல் வால் ஒன்று அரை நொடிக்குத் தெரிந்தது. பறவை விலகிய இடத்தில் இருக்கும் வானத்துக்குப் பழைய விடை எதுவும் இல்லை, அதனால் வரும் கோளாறு அது. பழைய விடையை எப்போது நம்பலாம், எப்போது தூக்கி எறிய வேண்டும் என்பதுதான் இந்த முறையின் கடினமான பகுதி. 2020-ல் வந்த இரண்டாம் டிஎல்எஸ்எஸ் அந்தத் தீர்ப்பை, பயிற்சி கொடுத்த ஏஐ நிரலான நரம்பு வலையமைப்பிடம் விட்டது. 2022-ல் வந்த எஃப்எஸ்ஆர் 2 அதையே கைப்பட எழுதிய விதிகளால் செய்தது.

இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே புதிதாக ஒரு ஃபிரேமை உருவாக்கிச் செருகும் முறையை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த ஃபிரேம் தயாராகும் வரை காத்திருக்க வேண்டும். செருகிய ஃபிரேமுக்கு உங்கள் கை என்ன செய்தது என்பதும் தெரியாது. 30 ஃபிரேமை 60 ஆக்கினால் கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், ஸ்டியரிங்கோ அதே 30-ன் கனத்தோடு, இன்னும் சற்றுத் தாமதமாகத் திரும்பும்.

பிக்சல்கள் இப்படிப் பெருகிக்கொண்டே போவதற்கு எல்லை உண்டா? கண் ஓரளவு எல்லை வகுக்கிறது. நல்ல பார்வை உள்ளவர் பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்குள் சுமார் 60 பிக்சல்களைப் பிரித்தறிய முடியும் என்பது வழக்கமான கணக்கு. என் பழைய திரையை 60 சென்டிமீட்டரிலிருந்து பார்த்தால் பாகைக்கு 40 பிக்சல், புதியதில் 72. அந்தக் கோட்டைத் தாண்டியதால்தான் கம்பியைப் பார்த்து நான் அப்படி அசந்துபோனேன். ஆனால் 55 அங்குல டிவியை இரண்டரை மீட்டரிலிருந்து பார்க்கும்போது 1080பியிலேயே பாகைக்கு 70 வந்துவிடுகிறது. 4கேயில் 140. அந்த டிவியில் 8கே கேம் என்பது கார்டின் உழைப்பை யாரும் பார்க்காத இடத்தில் கொட்டுவது. அதே உழைப்பை வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் செலவழித்தால் பார்க்கிறவருக்கு உடனே தெரியும்.

உண்மையிலேயே பிக்சல் போதாத இடம், கண்ணுக்கு மிக அருகே திரையை மாட்டிக்கொள்ளும் விஆர் (மெய்நிகர் உலகத்) தலைக்கவசம்தான். 2023-ல் வந்த பிளேஸ்டேஷன் விஆர்2-ல் ஒரு கண்ணுக்கு 2000-க்கு 2040 பிக்சல். அது கிட்டத்தட்ட 100 பாகைக்கு விரிவதால் பாகைக்கு 20-தான் தேறுகிறது. அறுபதை எட்ட ஒரு கண்ணுக்கு 6000-க்கு 6000 வேண்டும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 7.2 கோடி பிக்சல், அதுவும் நொடிக்கு 90 முறையாவது. எந்தக் கார்டும் அதை நேரடியாக வரையப்போவதில்லை. நல்லவேளையாக, கண் கூர்மையாகப் பார்ப்பது நடுவில் இரண்டு பாகை அளவுக்குத்தான், கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் நகம் அடைக்கிற இடத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எனவே விஆர்2-க்குள் இருக்கும் சின்னக் கேமராக்கள் கண்மணியைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. பார்வை படும் இடத்தை நுணுக்கமாகவும் சுற்றுப்புறத்தைக் கரடுமுரடாகவும் வரைய முடிகிறது. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவச் சில பத்து மில்லிசெகண்டுகள் ஆகும். தாவும்போது மூளை படத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கார்டுக்குக் கிடைக்கிற அவகாசம் அதுதான். தாவல் முடிந்து கண் நிலைகொள்ளும்போது, புதிய இடம் அதற்குள் தெளிவாக வரையப்பட்டுக் காத்திருக்க வேண்டும்.