குதிரைப் பால் ஏன் தயிராவதில்லை? மங்கோலியாவின் அய்ரக்

மங்கோலியப் புல்வெளியில் கோடை வந்ததும் பெட்டைக் குதிரைகளைக் கறக்கத் தொடங்குவார்கள். கூடாரக் கதவருகே 'கொகூர்' என்ற மாட்டுத்தோல் பை தொங்கும். அதற்குள் நுரைத்துப் புளித்துக்கொண்டிருக்கும் குதிரைப் பால் பானம்தான் அய்ரக். இதைச் செய்யும் மரபுமுறையை யுனெஸ்கோ 2019இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதன் ரகசியம் பாலிலேயே இருக்கிறது. பசும்பால் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசின் என்ற வகை. புளித்தால் அதுதான் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டித் தயிராகிறது. குதிரைப் பாலில் மொத்தப் புரதமே சுமார் 2 சதவீதம். அதிலும் கேசின் பாதியளவுதான். எனவே எவ்வளவு புளித்தாலும் கட்டியாக உறையாது. மெல்லிய துகள்களாக மிதக்கும். கொழுப்பும் குறைவு. ஆனால் பால்சர்க்கரையான லாக்டோஸ் 6 முதல் 7 சதவீதம் வரை உண்டு, பசும்பாலைவிட அதிகம். நொதித்தலுக்கு வேண்டிய எரிபொருள் அதுதான்.

பைக்குள் இரண்டு கூட்டங்கள் வேலை செய்கின்றன. லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிப் புளிப்பைத் தருகின்றன. ஈஸ்டுகள் சாராயத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. பேக்கரி ஈஸ்டால் லாக்டோஸை நேரடியாக உண்ண முடியாது. குளுய்வரோமைசஸ் போன்ற ஈஸ்டுகளால் முடியும். முடிவில் சாராய அளவு சுமார் 2 சதவீதம் இருக்கும்.

கறப்பது எளிதல்ல. குதிரை மடி சிறியது, பாலைத் தேக்கிவைக்காது. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறக்கிறார்கள். குட்டிகளைத் தரையோடு இழுத்துக் கட்டிய நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டிவைத்து, முதலில் குட்டியைச் சற்று ஊட்டவிட்டுப் பால் சுரந்ததும் விலக்கிவிட்டுக் கறப்பார்கள். குட்டி வாய் வைக்காவிட்டால் தாய் பாலை இறக்காது.

கறந்த பாலை ஆறவைத்த பிறகே பையில் ஊற்ற வேண்டும். அதில் ஏற்கெனவே இருக்கும் பழைய அய்ரக்தான் உறை. வெதுவெதுப்பான பாலை அப்படியே ஊற்றினால் வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். கடும் புளிப்பு ஏறும், ஈஸ்ட் பின்தங்கும். ஒரேயடியாக நிறையப் பால் ஊற்றினாலும் உறை நீர்த்துப்போய், வேண்டாத கிருமிகளுக்கு இடம் கிடைக்கும். குளிர் அதிகமானால் நொதித்தல் நின்றே போகும். மங்கோலியரின் கைப்பக்குவம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது: தினமும் குடித்த அளவுக்குப் புதுப் பால் சேர்த்து, பையை எப்போதும் உயிரோடு வைத்திருப்பது.

அடுத்தது அடிப்பது. 'புலூர்' என்ற மரத்தடியைப் பைக்குள் இறக்கி மேலும் கீழுமாக, நம் மோர் கடைவதைப் போல, அடிப்பார்கள். 500 தடவைக்கு மேல் அடிப்பது வழக்கம். ஒவ்வொரு அடியும் காற்றை உள்ளே கொண்டுபோய் ஈஸ்ட் பெருக உதவுகிறது. கேசின் துகள்களையும் சேர விடாமல் உடைக்கிறது. சோம்பி விட்டுவிட்டால் துகள்கள் அடியில் படியும், மேலே நீர் நிற்கும், மாவு போல மிருதுவாக இருக்க வேண்டிய பானம் நாவில் நறநறக்கும். 1253இல் கிளம்பி மங்கோலியப் பேரரசுக்குப் போன ரூப்ரக்கின் வில்லியம் என்ற துறவியும் இந்தத் தடியையும், குடிக்கும்போது நாவைக் கடிக்கும் சுவையையும் எழுதிவைத்திருக்கிறார்.

அய்ரக்கைப் புட்டியில் ஊற்றி இறுக மூடக் கூடாது. நொதித்தல் நிற்காததால் வாயு சேர்ந்து புட்டி வெடிக்கலாம். அமிலம் பல கிருமிகளை அடக்கும் என்றாலும் அது காய்ச்சுவதற்கு ஈடாகாது. பால் பச்சையாகவே சேர்க்கப்படுவதால் குதிரைகளின் நலமும் பாத்திரச் சுத்தமும் முக்கியம். நொதித்த பிறகும் கொஞ்சம் லாக்டோஸ் எஞ்சும். முதல்முறை குடிப்பவர் ஒரு கிண்ணத்தை முழுதாகக் குடிக்காமல் சில மிடறுகளோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நல்லது.

பசும்பாலில் இதையே செய்து பார்ப்பவர்களுக்குக் கட்டித் தயிர்தான் மிஞ்சும். கொழுப்பை நீக்கி, சர்க்கரையும் பாலாடைக்கட்டி செய்யும்போது வடியும் நீரும் சேர்த்தால் ஓரளவு நெருங்கலாம்.