டிஓஎல் ரசீது இருந்தால் நிலம் நமக்கு ஆகிவிடுமா?

மலேசியாவில், பட்டர்வொர்த் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, மைலோ டப்பாவில் முப்பது வருஷத்து டிஓஎல் (அரசு நிலத்தில் இருக்கத் தரும் லைசென்ஸ்) ரசீதுகளைச் சுருட்டி வைத்திருந்தார். எல்லாம் கணவர் பெயரில். அவர் இறந்து பதினொரு வருஷம் ஆகியும் அதே பெயரில் கட்டினார், நில அலுவலகக் கவுண்டரிலும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கிராண்ட், அதாவது நிலப் பட்டா, கேட்டுப் போன அன்றுதான் "இந்த லைசென்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது" என்றார்கள். வாரிசுச் சொத்துப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் பட்டா இல்லாத நிலம், எங்கள் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூட்டு வலியோடு நான்கு நடை.

டிஓஎல் என்பது அரசு நிலத்தில் தற்காலிகமாக இருக்க விடும் லைசென்ஸ், அவ்வளவுதான். 1965 தேசிய நிலச் சட்டப்படி, எந்த மாதம் வாங்கினாலும் அந்த வருஷம் டிசம்பர் 31-ஐத் தாண்டாது. 68-ஆவது பிரிவுப்படி இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது, வைத்திருப்பவர் இறந்தால் அதோடு முடிந்தது. பிள்ளைகள் தங்கள் பெயரில் புதிதாக மனுப் போட வேண்டும், அதையும் உடனே போட வேண்டும். "டிஓஎல் வீடு விற்பனைக்கு" என்று யாராவது கையெழுத்துக் கடிதம் நீட்டினால் காசு கொடுக்காதீர்கள், அந்தக் கடிதத்தால் லைசென்ஸ் உங்கள் பெயருக்கு வராது.

எத்தனை தலைமுறை இருந்தோம் என்பதும் கணக்கில் வராது. அரசு நிலத்தில் குடியிருந்ததை வைத்து மட்டும் உரிமை கேட்க 48-ஆவது பிரிவு இடம் தரவில்லை. கரண்ட் பில், தண்ணீர் பில், வீட்டு வரி எதுவும் பட்டா ஆகாது. பினாங்கில் கம்போங் புவா பாலா மக்கள் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள், 2009-இல் வீடுகள் இடிபட்டன.

சரி, என்ன செய்யலாம்? டிஓஎல் லைசென்ஸ் தாளான 4ஏ பாரத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். யார் பெயர், எதற்காகக் கொடுத்தது? பயிர் வைக்க என்று போட்டிருக்கும் இடத்தில் கல்வீடு கட்டியிருந்தால் அதையே குற்றமாகக் காட்டுவார்கள். அப்பா இருக்கும்போதே பட்டாவுக்கு மனுப் போடுங்கள், அது கிடைக்கும் என்று கவுண்டரில் யாரும் உறுதி தர முடியாது, முடிவு மாநில அரசுடையது. "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்கிற ஏஜென்டுக்கும் அந்த அதிகாரம் இல்லை. மனு நகலில் தேதியோடு முத்திரையும் ஃபைல் எண்ணும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள், அடுத்த முறை "உங்கள் ஃபைலே இல்லையே" என்று சொன்னால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.

அப்புறம், காலி செய்யச் சொல்லி சாகுஹாத்தி (கருணைத் தொகை) தருகிறோம் என்று வந்தால், எவ்வளவு தொகை, எந்த வீடு, எந்தத் தேதி என்று எழுத்தில் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.