பூவரசம் பூவை வரையும் பிள்ளை ஏன் முணுமுணுக்கிறது?

கொக்குவிலில் இருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மகனுக்கு நாலு வயது. எதைக் கேட்டாலும் "இது", "அது" என்று விரல் நீட்டுகிறான், சொல் வருவதில்லை. வசம்பு உரைத்து நாக்கில் தடவும்படி மாமியார் வற்புறுத்துகிறாராம்.

தயவுசெய்து தடவாதீர்கள். வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968 இலேயே தடை செய்துவிட்டது. அதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருளே காரணம். முதலில் பிள்ளையின் செவிப்புலனைப் பரிசோதியுங்கள். பிறகு கொப்பியும் பென்சிலும் கொடுத்துப் பூவரசம் வேலியோரம் கூட்டிச் செல்லுங்கள்.

செடி ஓடிப்போகாது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அங்கேயே நிற்கும். பிள்ளை ஏற்கெனவே உற்றுப் பார்க்கும் பொருளுக்கு நாம் பெயர் சொன்னால் அந்தச் சொல் நன்றாகப் பதிகிறது என்று உளவியலாளர்களான டொமசெல்லோவும் ஃபராரும் 1986 இல் காட்டினார்கள். அவன் காம்பைத் தடவும்போது "காம்பு" என்று சொல்லுங்கள். பூவைப் பார் என்று இழுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. வரையும் பிள்ளை தனக்குத்தானே முணுமுணுப்பதைக் கண்டிருப்பீர்கள். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி அந்த முணுமுணுப்பை அளந்து பார்த்தார். வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு வேண்டிய நிறப் பென்சில் கிடைக்காதபடி செய்தார். முணுமுணுப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது! கை தடைப்பட்டதும் பேச்சு பாய்ந்து வருகிறது: என்ன இல்லை, பதிலுக்கு எதை எடுக்கலாம், எடுத்தால் என்ன ஆகும் என்று பிள்ளை வாய்விட்டுத் திட்டமிடுகிறது. இன்னொன்றையும் அவர் கவனித்தார். மிகச் சிறிய பிள்ளை வரைந்து முடித்த பிறகே "இலை" என்று பெயர் வைக்கும். சற்று வளர்ந்ததும் பெயர் பாதி வரையும்போதே வரும். பின்னர், தொடங்கும் முன்பே "நான் இலை வரையப்போகிறேன்" என்று அறிவிக்கும். கைக்குப் பின்னால் வந்த சொல் கைக்கு முன்னால் நடக்கிறது.

அச்சடித்த இலைக்கு நிறம் தீட்டும் கொப்பிகளை முன்பள்ளிகள் வாங்கிக் குவிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அதில் கை தடைப்படவே வழியில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கை, நம் ஊர்ப் பிள்ளைகளின் பேச்சை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்யும் ஆய்வுக்குக் கொடுக்கலாம்.

பூவரசம் பூ மஞ்சளாக விரியும், வாடும்போது சிவந்துவிடும். போன கிழமை என் பெறாமகள் மஞ்சள் பூ வரைந்தாள். மறுநாள் அதே பூ சிவந்திருந்தது. அவளிடம் சிவப்புப் பென்சில் இல்லை. பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நேற்று மஞ்சள். இன்றைக்கு மாறிவிட்டது. மேலே ஊதாவைப் பூசினால் சரியாக வரும்" என்றாள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.