தள்ளாடும் கன்றும் 1962-ம்: சட்டமும் இலவசத் தடுப்பூசியும்

கன்று பின்னங்கால் பின்னித் தள்ளாடுகிறது. எச்சில் ஒழுகுகிறது, தண்ணீர் இறங்கவில்லை, குரல் கம்மிக் கத்துகிறது. தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கையை விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள். வெறிநோயும் இப்படித்தான் இருக்கும். நாய் கடித்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடித்துப் பல வாரம், சில மாதம் கழித்துக்கூட அறிகுறி தெரியும்.

கன்றைத் தனியே கட்டிவிட்டு 1962-க்குப் பேசுங்கள். கட்டணமில்லா எண், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை இதில்தான் அழைக்க வேண்டும். ஊர்ப் பெயரோடு பக்கத்து ஊருணியையும் அடையாளமாகச் சொல்லுங்கள். 2009-ம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப் பட்டியலில் வெறிநோய் இருக்கிறது. ஆகவே சந்தேகம் வந்தாலே கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ தெரிவிப்பதும், மற்ற மாடுகளிலிருந்து பிரித்து வைப்பதும் மாட்டுக்காரரின் கடமை. இறந்தால் தோலுரிக்கக் கூடாது, கண்மாய்க்கரையில் வீசவும் கூடாது. சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள்.

வாயில் கைவிட்டவர், பிடித்துக்கொண்டு மருந்து புகட்டியவர் எல்லோரும் எச்சில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். நாய் கடித்தது கண்ணில் பட்டிருந்தால் கன்றின் காயத்தையும் அதேபோலக் கழுவுங்கள். கன்றுக்கு அன்றே முதல் ஊசி, பிறகு 3, 7, 14, 28-ம் நாட்களில். அறிகுறி வந்தபின் ஊசி பலிக்காது.

கோமாரி கதை வேறு. இளங்கன்றுக்கு அந்த வைரஸ் இதயத் தசையைத் தாக்கும். வாய்ப்புண் வருவதற்கு முன்பே கன்று சுருண்டு விழுந்து சாகும். 2019-ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதற்கு ஊசி இலவசம். 4 மாதம் முடிந்ததும் முதல் ஊசி, ஒரு மாதத்தில் ஊக்க ஊசி, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. பலரும் தவறவிடுவது அந்த ஊக்க ஊசியைத்தான். சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியின் வேலையை ஓரளவு மட்டுப்படுத்திவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்க்கும் ஒரே ஒரு ஊசி உண்டு. அது பாக்டீரியா நோய், காளைக்கன்றுக்குப் போடுவதில்லை.

ஊசியின்போது 12 இலக்கக் காது வில்லை மாட்டிப் பதிவார்கள். காது புண்ணாகும் என்று மறுக்க வேண்டாம். அந்த எண்ணில்தான் ஊசிக் கணக்கு நிற்கிறது. தை மாதம் சிவகங்கை மாவட்டச் சிராவயல் பக்கம் மஞ்சுவிரட்டுக்கு மாடுகள் கூடும். கோமாரி ஊசி வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாகும்; மார்கழித் தொடக்கத்துக்குள் போட்டுவிடுங்கள்.