பாசேஜில் அலமாரி போடும் முன் மிச்ச வழியை அளந்துவிடுங்கள்

மும்பையில் வீட்டு உள்வேலை செய்து கொடுப்பது என் தொழில். செம்பூர், முலுண்ட், நெரூல் என்று எங்கே போனாலும் நம் தமிழ்க் குடும்பங்களில் கேட்கிற ஒரு வேண்டுகோள்: "வாசலிலிருந்து பெட்ரூம் வரைக்கும் பாசேஜ் சும்மாதான் கிடக்கு, அங்கே ஒரு அலமாரி போட்டுக் கொடுங்க." இந்த ஊரில் ஒரு சதுர அடிக்குக் கொடுக்கிற விலையை நினைத்தால் இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. போடலாம். ஆனால் எதைப் போடுவது என்பதற்கு முன்னால், போட்ட பிறகு நடக்க எவ்வளவு வழி மிஞ்ச வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அந்த ஓர் அளவிலிருந்துதான் வரும்.

இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் பாசேஜ் பெரும்பாலும் மூன்றடியிலிருந்து மூன்றரை அடி இருக்கும். கையில் வாளியோ துணிக்கூடையோ வைத்துக்கொண்டு ஒருவர் இடிக்காமல் நடக்க 30 இன்ச் வேண்டும். சக்கர நாற்காலி தாராளமாகப் போக 36 இன்ச், அதாவது சுமார் 90 சென்டிமீட்டர். எதிரெதிரே இருவர் ஒதுங்காமல் போக நாலடி. இதை வைத்து நான் சொல்லும் கணக்கு: மூன்றடி பாசேஜில் தரையில் எதுவும் வேண்டாம். மூன்றரை அடியில் ஆறேழு இன்ச் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. நாலடி இருந்தால் ஓரடி ஆழ அலமாரியைத் தைரியமாகப் போடலாம்.

செம்பூரில் ஒரு வீடு. பாசேஜ் 42 இன்ச். கடையில் பார்த்துப் பிடித்துப்போய் 15 இன்ச் ஆழமுள்ள செருப்பு அலமாரி ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். மிச்சம் 27 இன்ச். எல்லோரும் நன்றாக நடமாடுகிற வரை யாருக்கும் உறுத்தவில்லை. பாட்டிக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. வாக்கரின் கால்களே ஏறக்குறைய 25 இன்ச் அகலம். இரு பக்கமும் ஓர் இன்ச்தான் இடைவெளி. ஒரு பக்கம் விரல் முட்டி அலமாரியில் உரசும், மறுபக்கம் சுவரில். பாட்டி என்ன செய்தார் என்றால், அலமாரி தொடங்கும் இடத்தில் வாக்கரை நிறுத்திவிட்டு, அலமாரியின் மேல்பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து பாத்ரூம் போனார். அந்த அலமாரி சுவரில் முடுக்கப்படவே இல்லை. கை கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன், ஆடியது. அன்றைக்கே அதை அப்புறப்படுத்தச் சொன்னேன். பிறகு 7 இன்ச் ஆழத்தில் சாய்ந்து திறக்கும் செருப்பு அலமாரி ஒன்றைச் சுவரோடு சேர்த்து அடித்தோம். 35 இன்ச் வழி கிடைத்தது. ராத்திரியில் ஆள் நடந்தால் தானாக எரியும் சின்ன விளக்கு ஒன்றும் தரையோரமாக வைத்தோம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்த விளக்கை விட்டுவிடாதீர்கள். பல பாசேஜ்களில் ஜன்னலே கிடையாது.

அந்தச் சாய்ந்து திறக்கும் வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் செருப்பும் ஷூவும் செங்குத்தாக நிற்பதால் ஆழம் குறைகிறது. குறுகலான பாசேஜுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் வாங்கப் போகும்போது வீட்டிலேயே பெரிய ஷூவைக் கையோடு கொண்டுபோங்கள். பத்தாம் நம்பர் ஷூ சில அலமாரிகளில் நுழையாது. இன்னொன்று, இது உயரம் அதிகம், அடிப்பகுதி ஒல்லி. இரண்டு மூன்று கதவுகளை ஒரே நேரத்தில் திறந்தால் எடை முன்னால் வந்து அப்படியே குப்புறக் கவிழும். குழந்தை கதவைப் பிடித்து ஏறினால் கேட்கவே வேண்டாம். அதனால் சுவரில் முடுக்குவது கட்டாயம். டபுள் டேப், பசை எல்லாம் இதற்கு ஆகாது.

சுவர் எப்படிப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிய டவர்களில் மைவான் முறையில், அதாவது அலுமினிய அச்சில், வார்த்த கான்கிரீட் சுவர் இருக்கும். ஹாமர் டிரில் இல்லாமல் துளை விழாது, விழுந்தால் பிடிப்பு பலமாக இருக்கும். பழைய கட்டடங்களின் நாலு இன்ச் செங்கல் தடுப்புச் சுவரில் பூச்சு உதிர்ந்து, திருகாணியைப் பிடிக்கும் பிளக் கழன்று வரும், செங்கல்லுக்குள் ஆழமாகப் போக வேண்டும். எடை குறைந்த ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் உள்ள கான்கிரீட் கல்) என்றால் அதற்கென்றே விற்கும் நீளமான பிளக் வாங்க வேண்டும். ஜிப்சம் தடுப்பில், பின்னால் பிளைவுட் கொடுக்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

அப்புறம் திருப்பம். நேராக நடக்கும் வழியை எல்லோரும் அளக்கிறார்கள், திரும்பும் இடத்தை யாரும் அளப்பதில்லை. பெட்ரூம் கதவு பாசேஜின் பக்கவாட்டில் இருக்கும். மெத்தை, பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் அந்தக் கதவுக்கு எதிரே உள்ள சுவர்ப்பக்கம் வால் போனால்தான் உள்ளே திரும்பும். ஆம்புலன்ஸ் ஸ்டிரெச்சரும் அப்படித்தான். அதன் அகலம் இரண்டடிக்குள், ஆனால் நீளம் ஆறடிக்கு மேல். 27 இன்ச் வழியில் நேராக வந்துவிடும், திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். ஆகவே பெட்ரூம் கதவுக்கு எதிரே கதவின் இரு பக்கமும் சேர்த்து நாலடி நீளத்துக்குத் தரையில் எதுவும் வைக்க நான் சம்மதிப்பதில்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் சரி. அங்கே கண்ணாடியும் படமும் மாட்டிக்கொள்ளட்டும்.

சேமிக்க இடம் போதவில்லை என்றால் மேலே பாருங்கள். ஏழடிக்கு மேல் லாஃப்ட் அடித்தால் இரண்டடி ஆழம்கூடக் கொடுக்கலாம். யார் தலையும் இடிக்காது. கொலு பொம்மைப் பெட்டி, பெரிய பாத்திரங்கள், பயணப் பெட்டி எல்லாம் அங்கே போய்விடும். உடம்பு அகலமாக இருப்பது தோள் உயரத்தில்தான். அதனால் அந்த உயரத்தில் துருத்தும் ஷெல்ஃபும் கொக்கியும் தினமும் இடிக்கும். கைப்பிடி உள்ளே பதிந்த மாதிரி இருக்கட்டும்; நீட்டிக்கொண்டிருந்தால் முந்தானையும் துப்பட்டாவும் மாட்டும். மெயின் சுவிட்ச், கோளாறு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி பெட்டி பாசேஜில் இருந்தால் அதை அலமாரிக்குள் புதைத்துவிடாதீர்கள். இருட்டில் கை நேராக அங்கே போக வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையை நினைவில் வைத்துச் செய்யுங்கள். நனைந்த ஷூவை மூடிய பெட்டிக்குள் வைத்தால் சில நாளிலேயே பூஞ்சை வந்துவிடும். கதவு பிரம்புப் பின்னலோ சாய்சட்டமோ ஜாலியோ, ஏதாவது ஒரு வழியில் காற்று போக வேண்டும். அலமாரியைத் தரையிலிருந்து ஆறு இன்ச் தூக்கிச் சுவரில் தொங்கவிட்டால் துடைப்பமும் மாப்பும் தடையில்லாமல் போகும், ஈரமும் ஏறாது. அடிப்பலகைக்காவது ஈரம் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் கேளுங்கள். பார்ட்டிகிள் போர்டு அடியில் ஈரம் பட்டால் ஊதிப்போகும், திரும்பச் சரியாகாது.

குடிசைவாசிகளுக்கு மாற்று வீடாகக் கட்டிக்கொடுத்த எஸ்ஆர்ஏ கட்டடங்களில் 225, 269 சதுர அடி வீடுகளில் பாசேஜ் என்று தனியாக ஒன்றும் இருக்காது. வாசலுக்கும் மோரிக்கும் (குளிக்க, கழுவ உள்ள மூலை) நடுவிலுள்ள வழிதான். அங்கே சுவரில் மடங்கும் இருக்கை ஒன்று போதும். உட்கார்ந்து செருப்பு மாட்டிவிட்டு மடித்துவிடலாம்.

எதையும் வாங்கும் முன் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். பழைய அட்டைப்பெட்டிகளை அலமாரியின் அதே ஆழத்துக்கு, அதே உயரத்துக்கு அடுக்கி வையுங்கள். அதைத் தாண்டித்தான் காலையில் பிள்ளைகள் பள்ளிப் பையோடு ஓட வேண்டும், காஸ் சிலிண்டர் வர வேண்டும். யார் எங்கே ஒருக்களித்து நடக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

உள்ளே இடமில்லை என்று செருப்பு அலமாரியை வெளியே பொது வராந்தாவில் வைக்கிற வழக்கம் இங்கே நிறைய. தீப்பிடித்துப் புகை சூழ்ந்தால் மாடியில் உள்ள அத்தனை பேரும் தட்டுத்தடுமாறி ஓட இருக்கிற ஒரே வழி அது. 2006-ஆம் ஆண்டு மகாராஷ்டிர தீத்தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, தீத்தடுப்பு ஏற்பாடுகளைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு கட்டட உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் உண்டு. சொசைட்டியிலிருந்து, அதாவது கட்டடக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து, நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை உள்ளே எடுத்துவிடுங்கள். உள்ளே கொள்ளவில்லை என்றால், போடாத செருப்புகளை முதலில் கழித்துக்கட்டுங்கள்.