முகவரியைப் படிக்கத் தெரிந்தால் இணையம் பாதி புரிந்த மாதிரி

முதல் நாள் வகுப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, இதுல இன்டர்நெட்டே காணோம். போன வாரம் வரைக்கும் இருந்துச்சு. பேரன் ஏதோ பண்ணிட்டுப் போயிட்டான்" என்றார். திறந்து பார்த்தேன். வைஃபை இணைப்பு சரியாக இருந்தது. பேரன் திரையைச் சுத்தம் செய்கிறேன் என்று, இணையதளங்களைத் திறக்கும் பிரவுசரின் படத்தை அங்கிருந்து எடுத்துவிட்டிருந்தான், அவ்வளவுதான். எடுத்து மறுபடி திரையில் வைத்துக் கொடுத்தேன்.

பதினெட்டு வருடமாக நெட்வொர்க் பராமரிப்பு என் தொழில். வார இறுதியில் புதிதாகக் கற்க வருபவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த அம்மா கேட்டதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. 'இதை அமுக்கினால் இன்டர்நெட்' என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எதை அமுக்குவது என்று நாம் எல்லோரும் சொல்லித் தருகிறோம். அமுக்கியதும் என்ன நடக்கிறது, எதிர்ப்பக்கம் இருப்பது யார் என்பதைச் சொல்வதில்லை. பணத்தைப் பறிகொடுத்துவிட்டு என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த இடத்தில்தான் சிக்கினார்கள். அவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இணையம் என்பது வழி. உலகத்தில் உள்ள கணினிகள், போன்கள், நாம் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் சர்வர்கள் என்ற கணினிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் கேபிள்களும் அலைகளும் விதிமுறைகளும் சேர்ந்ததுதான் அது. மின்னஞ்சல், இணையதளம், வீடியோ அழைப்பு, பணப் பரிமாற்றம் எல்லாம் அந்த வழியில் ஓடும் வண்டிகள். வண்டி கெட்டுப்போனால் வழி இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு செயலி திறக்கவில்லை என்றால் இன்னொன்றைத் திறந்து பாருங்கள். அது ஓடினால் இணைப்பில் கோளாறு இல்லை, அந்தச் செயலியில்தான் கோளாறு. இது தெரிந்தாலே பாதித் தடுமாற்றம் போய்விடும்.

நீங்கள் ஒரு புகைப்படம் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அது முழுசாக ஒரே மூச்சில் போவதில்லை. பொதுவாக 1,500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொட்டலங்களாக வெட்டப்படுகிறது. 3 எம்பி படம் என்றால் கிட்டத்தட்ட 2,000 பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் போய்ச் சேர வேண்டிய முகவரி எழுதப்பட்டிருக்கும். வீட்டில் இருக்கும் ரூட்டர் என்ற இணைப்புப் பெட்டியில் இருந்து சேவை நிறுவனத்துக்கு, அங்கிருந்து அடுத்த நெட்வொர்க்குக்கு என்று கை மாறிக்கொண்டே போகும். கண்டம் தாண்ட வேண்டுமானால் பெரும்பாலும் கடலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கேபிள் வழியாகத்தான். செயற்கைக்கோள் வழியாகப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அதன் பங்கு மிகக் குறைவு. அந்த இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. எதிர்முனையில் பொட்டலங்கள் வரிசைப்படுத்தப்பட்டு மறுபடி படமாகின்றன. நடுவில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கும்.

இவ்வளவு கைகள் மாறுகிறதே, நடுவில் யாராவது படித்துவிட்டால்? நல்ல கேள்வி. அதற்குத்தான் பூட்டிய இணைப்பு. அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய குழப்பமே அங்கேதான்.

இந்த அமைப்பு எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் இன்றைய தொல்லைகளுக்கும் காரணம் புரியும். 1969 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் முதல் செய்தி அனுப்பப்பட்டது. அந்த வருடம் முடியும்போது அதில் இணைந்திருந்தவை நான்கே நான்கு இடங்கள். ஆராய்ச்சியாளர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். 1971-ல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஆளின் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவே @ குறியைப் போட்டு மின்னஞ்சல் அனுப்பினார். அனுப்புகிறவர் பொய்ப் பெயர் போட்டு எழுதுவாரா என்று சோதிக்க அன்று யாருக்கும் தேவைப்படவில்லை. 1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபி என்ற பொது விதிமுறைக்கு மாறியது. இன்றும் உங்கள் போன் பேசுவது அதே மொழியைத்தான். நான்கு இடங்களுக்காக ஆரம்பித்தது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் 'அனுப்புகிறவர் நல்லவர்தான்' என்ற அந்தப் பழைய நம்பிக்கை அதன் எலும்பிலேயே தங்கிவிட்டது.

இணையதளங்கள் வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு. சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த யோசனை அது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் இன்று ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கவும் யாருக்காவது கட்டணம் கட்டிக்கொண்டிருப்போமோ என்னவோ.

இனி முகவரி. வகுப்பில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இதற்குத்தான்.

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்களை நம்மால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற முறையை வடிவமைத்தார். நாம் பெயரைத் தட்டுகிறோம், அது எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது, போனில் பெயரைத் தொட்டால் எண்ணுக்கு அழைப்பு போவது மாதிரி. ஆக, பெயர் சரியாக இருந்தால்தான் சரியான இடத்துக்குப் போவோம்.

ஒரு பெயரை எப்படிப் படிப்பது? எழுத்துகளைத் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன், பெயரும் கற்பனைதான். 'லாகின்.நமதுவங்கி.காம்' என்று ஒரு முகவரி. இன்னொன்று, 'நமதுவங்கி.காம்.லாகின்-உதவி.நெட்'. வகுப்பில் இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு எது வங்கியுடையது என்று கேட்பேன். பாதிப் பேர் இரண்டாவதைச் சொல்வார்கள், ஏனென்றால் அதில் வங்கியின் பெயர் முதலில் நிற்கிறது. நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். இணைய முகவரியை வலமிருந்து படிக்க வேண்டும். முதலில் வரும் ஒற்றைச் சாய்கோடு (/) வரைக்கும்தான் பெயர். அதற்கு முன்னால் கடைசியாக வருவது .காம், .நெட் போன்ற வால். அந்த வாலை ஒட்டி இடப்பக்கம் இருப்பதுதான் உரிமையாளரின் பெயர். சில நாடுகளின் முகவரியில் வாலே இரண்டு துண்டாக இருக்கும், அப்போது மூன்றாவது துண்டைப் பாருங்கள். அதற்கும் இடதுபுறம் இருப்பதெல்லாம் உரிமையாளர் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்வது. 'லாகின்-உதவி' என்ற பெயரை வாங்கியவன் அதற்கு முன்னால் எந்த வங்கியின் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அவனை யாரும் கேட்க மாட்டார்கள்.

எழுத்தையும் உற்றுப் பாருங்கள். ஆங்கிலத்தில் சின்ன எழுத்து ஆர், என் இரண்டும் ஒட்டி வந்தால் போன் திரையில் எம் மாதிரியே தெரியும். எல் எழுத்துக்குப் பதில் எண் 1 வரும். தமிழிலேயே முகவரி எழுதும் வசதியும் இப்போது உண்டு; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற வால்கள் இருக்கின்றன. அவற்றையும் இதே மாதிரி வலமிருந்துதான் படிக்க வேண்டும்.

இப்போது பூட்டு. முகவரிப் பட்டையில் பூட்டு இருந்தால் பாதுகாப்பான தளம் என்று எல்லோரும் சொல்லி வைத்திருக்கிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், இப்போது நிறுத்திவிட்டேன். பூட்டு சொல்வது ஒன்றைத்தான்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போவதை வேறு யாரும் படிக்க முடியாது. அஞ்சலட்டைக்குப் பதில் ஒட்டிய உறையில் போகிறது. உறையைப் பிரித்துப் படிக்கப் போகிறவன் திருடனா நல்லவனா என்று பூட்டு சொல்லாது. பூட்டு காட்டத் தளத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டும், திருடனுக்கும் அது இலவசமாகவே கிடைக்கிறது. இந்தத் தவறான நம்பிக்கை பரவியதால்தான் குரோம் பிரவுசர் 2023-ல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது.

தேடுபொறி விஷயத்தில் இன்னும் வேதனையான அனுபவம் உண்டு. வகுப்புக்கு வரும் ஒரு பெரியவருக்கு ஒரு கட்டணம் இரண்டு முறை போய்விட்டது. வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடியிருக்கிறார். மேலே முதலில் வந்த எண்ணுக்கு அழைத்தார். மறுமுனையில் ஒருவன் 'சார், சார்' என்று ரொம்ப மரியாதையாகப் பேசியிருக்கிறான். "பணம் திரும்ப வரணும்னா இந்த ஆப்பைப் போடுங்க சார், நான் இங்கிருந்தே பார்த்துச் சரி பண்றேன்." அந்தச் செயலி போட்டதும் இவர் திரையில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரிந்தது, வந்த ஓடிபி உட்பட. கணக்கில் இருந்தது போய்விட்டது. என்னிடம் சொல்லும்போது, "நானேதானே போன் பண்ணினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் அழைத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். தானே தேடி எடுத்த எண் என்பதால் நம்பினார்.

தேடுபொறிக்கு எது உண்மை என்று தெரியாது. அது பக்கங்களைச் சுற்றிவந்து எடுத்துவைத்த அட்டவணை. நீங்கள் கேட்ட சொல் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. மேலே வருபவற்றில் சில காசு கொடுத்து வைத்த விளம்பரங்கள், பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்றோ 'விளம்பரம்' என்றோ இருக்கும். சேவை எண் வேண்டுமானால் உங்கள் அட்டையின் பின்பக்கம், பாஸ்புக், அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலி, இவற்றிலிருந்து எடுங்கள். தேடி எடுக்காதீர்கள். திரையைப் பகிரும் செயலியை யார் சொன்னாலும் போடாதீர்கள்.

மின்னஞ்சலுக்கு வருவோம். 1978 மே 3 அன்றே அர்ப்பாநெட்டில் கேட்காத விளம்பரம் ஏறக்குறைய 400 பேருக்குப் போயிருக்கிறது, தொல்லைக்கும் அவ்வளவு வயது. முக்கியமானது இதுதான்: அனுப்புநர் இடத்தில் தெரியும் பெயரை அனுப்புகிறவரே எழுதிக்கொள்கிறார். தபால் உறையின் மூலையில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாமே, அது போலத்தான். போலிகளைச் சலித்தெடுக்கும் சோதனைகள் பின்னாளில் சேர்க்கப்பட்டன, எல்லாமும் அதில் சிக்குவதில்லை. பெயரைத் தொட்டால் முழு முகவரியும் விரியும். @ குறிக்கு வலதுபுறம் இருப்பதை மேலே சொன்ன மாதிரியே வலமிருந்து படியுங்கள். கடிதத்தில் லிங்க் இருந்தால், கணினியில் அதன் மேல் மவுஸை வைத்தாலே போகுமிடம் கீழே ஓரத்தில் தெரியும், கிளிக் செய்ய வேண்டாம். எழுதியிருப்பது ஒன்று, போகுமிடம் வேறொன்று என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கிளவுட் பற்றிப் பலர் பயந்து கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் படங்கள் வேறொருவருடைய கணினியில் ஒரு பிரதியாக இருக்கின்றன. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள், பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம் மின்னஞ்சல் கணக்கு. மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றும் கடிதம் அங்கேதான் வருகிறது. ஒன்றே ஒன்றை நன்றாகப் பூட்ட முடியும் என்றால் அதைப் பூட்டுங்கள்.

ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். போனின் இணைப்பை உடனே துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பிறகு இன்னொரு கருவியில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதை அமுக்குங்கள். புகார் கொடுக்கும்போது வந்த செய்தி, எண், நேரம் எல்லாம் தேவைப்படும், எதையும் அழித்துவிடாதீர்கள்.

முதல் வகுப்பு முடிந்ததும் வீட்டுப்பாடம் ஒன்று கொடுப்பேன். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வங்கி, மின்கட்டணம், மின்னஞ்சல் இவற்றின் சரியான முகவரியைப் பாஸ்புக்கிலும் ரசீதிலும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வால் எது, பெயர் எது என்று அடிக்கோடு போடுங்கள். அதைத் தட்டித் திறந்து பிரவுசரில் புக்மார்க் செய்து, அதாவது சேமித்து, வைத்துவிடுங்கள், இனி தேடிப் போக வேண்டாம். அடுத்த வாரம் அந்த ஆசிரியை அம்மா நோட்டோடு வந்தார். ஐந்து முகவரிகள், ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடிக்கோடு. ஒன்றில் மட்டும் கோடு ஒரு துண்டு தள்ளி விழுந்திருந்தது. நான் சொல்வதற்கு முன்னால் அவரே பார்த்து, அடித்துவிட்டுத் திருத்தினார்.